வரி முடிவு

நோயாளிகளின் துடிப்பைத் தொடக் கூடாதென்று ஒப்பந்தம்.
ஆகவே ஒரு வெள்ளிக்கிழமை, எல்லோரும் போன பிறகு,
சட்டையின் மூன்று பொத்தானை அவிழ்த்து
மின்முனைகளை என் மார்பிலேயே ஒட்டிக்கொண்டேன்.
ஜெல் சில்லென்றது. கௌனாஸில் அப்போது நவம்பர்.
எட்டாயிரத்து நூற்றுத் தொண்ணூற்றிரண்டு புள்ளிகள்.
கோப்பின் பெயர்: ஸ்கைஸ்தே மூன்று.
ஒன்றிலும் இரண்டிலும் சிரித்துவிட்டேன்.

அலைக் கருவி பழையது. எதையும்
முறைப்படி சொன்னால்தான் நினைவில் வாங்கும்.
முதலில் ஒரு வேலிக்குறி.
அப்புறம் ஐந்து:
வரப்போகும் எண்ணுக்கு ஐந்து இலக்கம் என்று அர்த்தம்.
அப்புறம் அந்த எண், 16384:
இத்தனை பைட் வருகிறது, எண்ணிக்கொள்.
அதற்குப் பிறகுதான் இதயம்.

எவ்வளவு சொல்லப்போகிறேன் என்பதை
எத்தனை இலக்கத்தில் சொல்வேன் என்று
முன்கூட்டியே சொல்லிவிடும் மரியாதை.
எயிமாந்தாஸ் போனபோது
சாவியை மட்டும் குளிர்பெட்டி மேல் வைத்திருந்தான்.

புள்ளிக்கு இரண்டு பைட்.
கனத்தது முன்னே போக வேண்டும், நான் பின்னே அனுப்பினேன்.
திரை முழுக்க முள்ளம்பன்றி.
திருப்பிப் போட்டு மறுபடி எழுதினேன்.
சின்ன மேடு. சிறு பள்ளம்.
சிகரத்துக்கு ஏறுகிறேன், ஏறுகிறேன்,
பாதியில்

நேர்கோடு.

சோதிக்க வந்திருந்த மானிட்டர்
தன் வேலையை ஒழுங்காகச் செய்தது: அலறியது.
கேஃபிர் டம்ளரோடு விகாந்தாஸ் ஓடி வந்தான்.
யாருக்கு, என்றான்.
எனக்குத்தான், என்றேன்.

மறுபடி அனுப்பினேன். அதே ஏற்றம், அதே பாதி.
கேபிளை மாற்றினேன். அதே பாதி.
கறுப்பு ரொட்டியை மென்றபடி
பைட் பைட்டாகப் படித்துக்கொண்டு போனபோது
இருட்டும் நேரத்தில் அகப்பட்டது:
கணினிக்கும் கருவிக்கும் நடுவில்
தீப்பெட்டி அளவில் ஒரு மாற்றிப் பெட்டி.
அதற்குப் பத்து ஓர் எண் அல்ல.
பத்து என்றால் வரி முடிந்தது.
என் முதல் ஏற்றத்தில் ஒரு பத்து இருந்தது.
அதைப் பார்த்ததும் பெட்டி வாயை மூடிக்கொண்டது;
நினைவின் மிச்ச இடமெல்லாம் சுழி.
அப்பால் இன்னும் நாற்பத்தொரு பத்துகள்
தம் முறைக்காகக் காத்து நின்றன.

பத்தையெல்லாம் பதினொன்றாக்கிவிடு,
யார் எண்ணப் போகிறார்கள், என்றான் விகாந்தாஸ்.
செய்து பார்த்தேன். ஓடியது. அழகாகவே ஓடியது.
ஆனால் கனத்த பைட்டில் பத்து இருந்த இடங்களில்
ஒவ்வோர் ஏற்றத்திலும் ஒரு பல் முளைத்திருந்தது,
எந்த மார்பிலும் இல்லாத பல்.
மானிட்டர் அதைப் பார்த்து
இயல்பு
என்று எழுதியது.

அவன் வீட்டுக்குப் போய்விட்டான்.
நான் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு எல்லாவற்றையும் அழித்தேன்.

பெட்டியைக் கவிழ்த்தால், ஸ்டிக்கருக்கு அடியில்,
அரிசி அளவு ஒரு சுவிட்ச்.
நகத்தால் தள்ளினேன்.
இனி நீ எதற்கும் பொருள் சொல்லாதே. சுமந்து போ, போதும்.

வேலிக்குறி. ஐந்து. 16384.
ஒன்றும் குறையாமல் போய்ச் சேர்ந்தது.
மேடு, பள்ளம், சிகரம், சரிவு.
பல்லைப் பற்றி மானிட்டர் தயாரிப்பாளருக்குத் தனியாக ஒரு கடிதம்;
அது நாளைக்கு.

பன்னிரண்டு மணி நேரச் சோதனை. விளக்கை அணைத்துவிட்டு வந்தேன்.
அங்கே என் வெள்ளிக்கிழமை
பதினாறு நொடிக்கொருமுறை தன்னிடமே திரும்புகிறது,
துப்புரவுக்காரி பிளக்கைத் தட்டிவிடாத வரை.
மின்சாரம் போனால் அந்த நினைவும் போகும்.
காலையில் மறுபடி வேலிக்குறியிலிருந்து.

நெமுனாஸ் மேலே மழையா பனியா என்று தெரியாத ஒன்று.
டிராலிபஸ் கிளம்பிக்கொண்டிருந்தது, ஓடினேன்.
படியில் ஒரு கால், கம்பியில் கை,
காதுவரை இடிக்கிறது நெஞ்சு.
இந்த வேகம் கோப்பில் இல்லை.